பவழத்தீவுக்காரர்கள் கற்ற முதல் தமிழ்ச்சொல்

சங்குத்துறை என்ற துறைமுக நகரை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, கடல் தாண்டி வருகிற மாணவர்களுக்காக அவர் கட்டிய கல்விச்சாலை. மற்றது, விருந்தாளியை அவர் ஊர் கவனிக்கிற அழகு. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது மட்டும் பாவம், அவருக்குத் தெரியவில்லை.

பவழத்தீவிலிருந்து நான்கு இளைஞர்கள் தமிழும் வைத்தியமும் படிக்க வந்தார்கள். படிக்க வந்தாலும் ஊருக்கு அவர்கள் விருந்தாளிகள்தானே? விருந்தாளியிடம் குறை சொல்லலாமா? 'மிளகு' என்று எழுதச் சொன்னால் கோழி கிளறியதுபோல் எதையோ எழுதி நீட்டுவார்கள். ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்பார். கடைத்தெருவில் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பொருள் கைக்கு வந்துவிடும். வைத்திய வகுப்பில் மருந்து இடிக்கக்கூட வேறு ஆள்.

இதற்கெல்லாம் மேற்பார்வை விருந்து மந்திரி அம்பலவாணர். மெத்தையின் கனம், விசிறுகிற ஆட்கள், பந்தியில் கறிவகை, இவைதான் அவருக்குக் கல்வித் தரம். அதில் ஒரு குறையும் இல்லாததால், கல்விச்சாலை வாசலில் 'முதல் தரம்' என்று அவரே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்.

ஒரு வருஷம் போயிற்று. பவழத்தீவு அரசரின் தூதர் வரப்போவதாகக் கப்பல்காரர்கள் சேதி சொன்னார்கள். பையன்கள் படித்த லட்சணத்தை அவர் நேரில் சோதிப்பாராம். திருப்தி இல்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். இனி ஒருவரையும் அனுப்பவும் மாட்டார்களாம்.

ராஜா நால்வரையும் சபைக்கு வரவழைத்தார். மூத்தவன் தோபாவைப் பார்த்து, "உன் பெயர் என்னப்பா?" என்று கேட்டார்.

"போதும்," என்றான் தோபா.

ராஜா விழித்தார். அடுத்தவனிடம், ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவனும் பணிவாகப் போதும் என்றான். ஒரு வருஷமாகப் பந்தியில் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு அவர்கள் கதறிக் கதறிக் கற்ற ஒரே சொல் அது. அதையும் அங்கே யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

சபையே தலையைக் குனிந்துகொண்டது. ஒருவன் மட்டும் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவன் ராஜாவின் செல்ல விகடகவி, தில்லைக்கூத்தன்.

"சிரிக்கிறாயா? அப்படியானால் இது உன் பொறுப்பு," என்றார் ராஜா. "தூதர் வருவதற்குள் இவர்கள் தமிழ் பேச வேண்டும். ஆனால் ஒருவரும் இவர்களிடம் குறை சொல்லக் கூடாது. உபசாரம் ஒரு பிடி குறையக் கூடாது. முடியாவிட்டால் அதே கப்பலில் ஏறி அவர்கள் நாட்டுக்கு நீ போய்ப் படி."

கூத்தனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கோயில் குளத்துத் தெப்பத்தில் ஏறினாலே குடலைப் புரட்டுகிற ஆள் அவன். இதில் கடல் வேறா? கூத்தனைக் கண்டாலே ஆகாத அம்பலவாணருக்கோ மனசு குளிர்ந்துபோயிற்று.

கூத்தன் சற்று யோசித்தான். "அரசே, விருந்தாளியிடம் நாம் குறை சொல்லக் கூடாது. சரி. விருந்தாளி நம்மிடம் குறை சொன்னால்?"

"கேட்டுக்கொள்ள வேண்டும். அதுதானே நம் முறை?"

"அது போதும்," என்றான் கூத்தன்.

மறுநாள் காலையில் துறைமுகச் சத்திரத்தின் சாவி தோபாவின் கையில் இருந்தது. இனி அங்கே சமைத்துப் போடுகிறவர்கள் அந்த நால்வர்தான். விருந்தாளிகளை வேலை வாங்குகிறான் என்று அம்பலவாணர் ராஜாவிடம் ஓடினார். கூத்தன் பதறவில்லை. நம் நாட்டில் பிறருக்குச் சோறு போடுவதைவிடப் பெரிய கௌரவம் உண்டா, அந்த ஒரு கௌரவத்தைத்தானே இவர்களுக்கு இதுவரை தராமல் வைத்திருந்தோம் என்று அவன் கேட்டதும், ராஜாவே சரியென்று தலையாட்டிவிட்டார்.

ஊரே சத்திரத்துக்குச் சாப்பிட வந்தது. இப்போது ஊர்தான் விருந்தாளி. ஒரு வருஷமாக அடக்கிவைத்த நாக்கெல்லாம் அவிழ்ந்துகொண்டது.

"ஏண்டா தம்பி, இது ரசமா, கை கழுவின தண்ணியா?" என்றாள் மீன்காரி செம்பாயி. "உப்பு எங்க? உப்புன்னா என்னன்னு தெரியுமா? அதோ, அந்தச் சட்டியில இருக்கு பாரு. எடு. அதைச் சொல்லு. உ-ப்-பு."

தமிழாசிரியரும் வந்து உட்கார்ந்தார். வாழைக்காய் என்று சரியாகச் சொல்கிறவரை இலையிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். வைத்திய ஆசிரியர் உண்மையாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கஷாயம் என்று அவர்களே கண்டுபிடித்து, அவர்களே இடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உப்பில் தொடங்கிய தமிழ், சாக்குச் சொல்வதற்கு வளர்ந்து, கத்தரிக்காய்க்காரனிடம் பேரம் பேசி, கடைசியில் செம்பாயிக்கே எதிர்வாய் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் கண் கலங்கிவிட்டாள். பெற்ற பிள்ளை முதல்முதலாகப் பேசினதுபோல அவளுக்குச் சந்தோஷம்.

தூதர் வந்து இறங்கினார். தமிழ் நன்றாகத் தெரிந்த கிழவர், சிடுமூஞ்சி. சாப்பாடு முடியட்டும், பிறகு பரீட்சை என்று சொல்லி, சத்திரத்தில் ராஜாவுக்குப் பக்கத்து இலையில் அமர்ந்தார். தோபா பரிமாறினான். பாயசம் மூன்றாம் முறை வந்ததும் தூதர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, "போதும்," என்றார்.

"ஒரு வருஷம் நாங்களும் அதையேதான் சொன்னோம் ஐயா," என்றான் தோபா. "இந்த ஊரில் எல்லாத் தமிழும் செல்லும். அந்தச் சொல் மட்டும் யாருக்கும் புரியாது. கையை எடுங்கள், சுட்டுவிடும்."

தூதர் அவனை அண்ணாந்து பார்த்தார். சிடுமூஞ்சி மெல்ல மெல்லச் சிரித்த முகமானது. பரீட்சை முடிந்தது, அடுத்த கப்பலில் இன்னும் பலரை அனுப்புகிறோம் என்றார். ராஜா சிரித்த சிரிப்பில் அவர் இலையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. அம்பலவாணர்கூடச் சிரித்துவிட்டார். கல்விச்சாலை வாசலிலிருந்த 'முதல் தரம்' கல்லை நாளைக்கே பெயர்த்து அம்மி கொத்தக் கொடுத்துவிடும்படி ராஜா உத்தரவிட்டார். கூத்தனுக்கும் நிம்மதியாக மூச்சு வந்தது.

அப்போது தூதர் ராஜாவின் பக்கம் திரும்பினார். இப்படிப்பட்ட ஒரு சத்திரத்தை எங்கள் தீவிலும் வைக்க வேண்டும், இந்த யோசனையைச் சொன்ன மனிதரைக் கொஞ்சநாள் அனுப்பித் தாருங்கள் என்றார். ராஜா பூரித்துப்போனார். "இதைவிடப் பெரிய பரிசு உனக்கு வேறு என்ன இருக்கிறது கூத்தா? நாளைக்கே கிளம்பு."

கூத்தனுக்கு மறுபடியும் கடல் கண்முன் வந்தது. கழுத்துச் சங்கிலி, பட்டுச் சால்வை என்று ராஜா வேறு அடுக்கிக்கொண்டே போனார்.

"போதும் அரசே," என்றான் கூத்தன், இரண்டு கையையும் கூப்பி. "போதும், போதும்."

அந்த ஊரில் அது யாருக்குப் புரியும்? விடிந்ததும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.