கொக்கு பார்க்கப் போன துறைமுகம்

விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கண்மாய். அதற்குள் நின்ற கருவேல மரத்தில் இரண்டு வெள்ளைக் கொக்குகள் குடியிருந்தன. ஆண் கொக்கின் பெயர் கருத்தப்பாண்டி. அந்த நிறத்துக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. பெண் கொக்கின் பெயர் முத்துமாலை.

பங்குனி பிறந்ததும் கண்மாய்த் தண்ணீர் மளமளவென்று வற்ற ஆரம்பித்தது. கூட்டிலோ, முட்டையை விட்டு வந்து இரண்டே நாளான மூன்று குஞ்சுகள். இன்னும் ஒரு மாதம் தண்ணீர் தாங்கினால் பெரிய விஷயம். அதற்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகள் பட்டினிதான்.

முத்துமாலை புருஷனிடம் சொன்னது: "தூத்துக்குடியில கடல் இருக்காம், தீவு இருக்காம், மீனுக்குப் பஞ்சமே இல்லையாம். ஒரு எட்டுப் போய், நம்ம பிள்ளைகளுக்குத் தோதான இடமான்னு பாத்துட்டு வாங்க. நாலே நாள்தான். ஒத்தையில என்னால மூணு வாய்க்கும் இரை தேட முடியாது."

"நாலு நாள் எதுக்கு? மூணு நாள்ல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கருத்தப்பாண்டி கிளம்பியது.

வழியில் முதலில் உப்பளம் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். நம் சொந்தபந்தமெல்லாம் இங்கேதான் கூடி நிற்கிறது போல என்று ஆசையாக இறங்கிப் பார்த்து ஏமாந்தது. அப்புறம் கடல் வந்தது. கருத்தப்பாண்டி எதிர்க்கரையைத் தேடியது. எதிர்க்கரையே இல்லை. அடேயப்பா, இவ்வளவு தண்ணீரை யார் தேக்கி வைத்தது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

துறைமுகத்தில் சூசை என்று ஒரு காக்கை இருந்தது. அது கொக்குக்கு ஊரைச் சுற்றிக் காட்டியது. மலை மாதிரி கப்பல்கள் அசையாமல் நின்றன. பொழுது சாயும்போது விசைப்படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. பெண்கள் மீனைத் தரம் பிரித்து, பொடி மீனை ஓரமாக ஒதுக்கினார்கள். அலகைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றால் போதும், வயிறு நிறைந்துவிடும். சூசை ஒரு பேக்கரி வாசலிலிருந்து மக்ரூன் ஒன்றையும் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. என்ன தின்கிறோம் என்று யோசிப்பதற்குள் அது கரைந்து தொண்டைக்குள் போய்விட்டது.

விடிந்ததும் கருத்தப்பாண்டி தீவுக்குப் பறந்து போகும். அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கும் சிப்பியைக்கூட எண்ணிவிடலாம். குட்டி அலைகள் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகும். வெயில் மெல்ல ஏறும். கண் செருகும்போது, தீவே கட்டவிழ்ந்து மெதுவாக எங்கேயோ மிதந்து போவது போல இருக்கும். எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றாது.

மூன்று நாள் போனது. நான்கு நாளும் போனது. ஒரு தீவுதானே பார்த்தோம், மற்றதையும் பார்த்தால்தானே நல்ல மரமாகப் பார்த்து முடிவு செய்யலாம் என்று கருத்தப்பாண்டி தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டது. வீட்டை அது மறந்துவிட்டது என்று சொன்னால் பாவம். ருசியான மீன் கிடைக்கும்போதெல்லாம், இதை முத்துமாலை தின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். நினைத்ததுமே கொண்டுபோய் ஊட்டிவிட்ட மாதிரி மனசு நிறைந்துவிடும். பிறகு நிம்மதியாகத் தூங்கும்.

சூசைக்கே பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, வீட்டுல தேட மாட்டாவளா?" என்று கேட்டது.

"நாளைக்குக் கிளம்பிடுவேன்" என்றது கருத்தப்பாண்டி. அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகுகள் கடலுக்குப் போகாது. மீனவர்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள். கருத்தப்பாண்டியும் அன்று சிறகுக்குள் தலையைப் புதைத்துத் தூங்கப் பழகிக்கொண்டது. மறுநாள் எப்படியும் மீன் வந்துவிடுமே! இப்படி நான்கு ஞாயிறு கழிந்தது.

ஒரு நாள் படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஞாயிறு வந்துவிட்டது என்று கருத்தப்பாண்டி தூங்கியது. மறுநாளும் படகுகள் நகரவில்லை. இந்த ஊரில் ஞாயிறு இரண்டு நாள் வரும் போலிருக்கிறது என்று திரும்பவும் தூங்கியது. ஐந்தாவது நாளும் ஞாயிறாகவே இருந்தபோது வயிறு காந்தியது. சூசையிடம் போய், திங்கட்கிழமை எப்போது வரும் என்று கேட்டது.

சூசை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு சொன்னது: "அண்ணாச்சி, இது தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற நேரம். அதுக பிள்ளைகள வளக்கட்டும்னு ரெண்டு மாசத்துக்கு மனுசனே வலையைச் சுருட்டி வச்சிட்டான்."

கருத்தப்பாண்டிக்குச் சுருக்கென்றது. மனுஷன் மீன்குஞ்சுக்கு இரக்கப்படுகிறான்! நான் பெற்ற மூன்றும் என்ன ஆயிற்றோ! அது அந்த நிமிஷமே பறந்தது.

கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கூடு காலி. கருவேல மரத்தடியில் கிடந்த எருமை ஒன்றுதான் நடந்ததைச் சொன்னது. முத்துமாலை ஒற்றையாக அலைந்து, தான் தின்னாமல் மூன்று குஞ்சுகளையும் காப்பாற்றியதாம். ஊரே கருத்தப்பாண்டியை ஏசியபோதும் முத்துமாலை மட்டும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லையாம். குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் அவற்றைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம்.

"எங்கே?" என்று கேட்டது கருத்தப்பாண்டி.

"உன்னைத் தேடித்தான். உனக்கு என்னமோ ஆபத்துன்னு பதறிக்கிட்டே போனா."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். கருத்தப்பாண்டி அழுதுகொண்டே வந்த வழியே திரும்பியது.

இரண்டு நாள் தீவு தீவாகத் தேடியது. மூன்றாம் நாள் விடியலில், கடைசித் தீவின் ஓரத்தில் நான்கு கொக்குகள் நின்றன. முத்துமாலை துரும்பாக இளைத்திருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் அசையாமல் நின்று மீன் பிடிக்கக் குஞ்சுகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

புருஷனைப் பார்த்ததும் ஓடி வந்தது. சிறகில் காயமா, காலில் காயமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. காயம் எங்கேயும் இல்லை. உருண்டு திரண்ட உடம்புதான் இருந்தது. முத்துமாலைக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அப்போது கடைக்குட்டிக் குஞ்சு மெல்ல நடந்து வந்தது. தன் அலகிலிருந்த சின்ன மீனைக் கருத்தப்பாண்டியின் காலடியில் வைத்தது.

"அம்மா, பாவம், பசியோட வந்திருக்காங்க போல" என்றது. "யாரும்மா இந்த மாமா?"

நல்ல ஊரைக் கண்டால் ஆசை தீர ரசிக்கலாம். ஆனால் நம்மை நம்பிக் காத்திருப்பவர்களை நினைத்தால் மட்டும் போதும் என்று அங்கேயே மயங்கிக் கிடந்தால், பெற்ற பிள்ளைக்கே நாம் விருந்தாளி ஆகிவிடுவோம்.