முத்துவடிவின் பிடியரிசிப் பானை

முன்னொரு காலத்தில் நெடுங்குளம் நாட்டைச் செண்பகராசன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காதுதான் சொந்தம் இல்லை. கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே அன்றைக்குச் சட்டம். கடைசியாகப் பேசுகிறவர் எப்போதும் பூவராகன்தான். அரண்மனைத் தானியக் கிடங்கின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

இரண்டு வருடமாக மழை இல்லை. சனங்கள் திரண்டு வந்து வீட்டுக்கொரு மரக்கால் அரிசி கேட்டார்கள். கிடங்கைக் கூட்டிப் பெருக்கியாயிற்று, ஒரு மணிகூட மிச்சமில்லை என்று பூவராகன் சொல்லிவிட்டார். ராசா எழுந்து போய் எட்டிப் பார்த்தானா? எங்கே பார்த்தான்! நான்கு கட்டு தாண்டி நடக்க வேண்டுமே.

கோட்டைக்கு வெளியே கூலிக்காரத் தெருவில் முத்துவடிவு என்றொருத்தி இருந்தாள். புருஷன் கோட்டைக்குத் தண்ணீர் சுமப்பவன், பிள்ளைகள் மூன்று. தை மாதத்திலிருந்தே தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட்டு வந்தாள். அரிசி இல்லாத நாளில் வரகோ சாமையோ எது கிடைத்ததோ அதில் ஒரு பிடி. இன்னும் பசிக்கிறது என்று அழுத பிள்ளைகளிடம், தீபாவளிக்குப் பொரிவிளங்காய் உருண்டை உண்டு என்று சொல்லிச் சொல்லியே பத்து மாதம் ஓட்டினாள்.

தீபாவளிக்கு முதல் நாள் பாதிப் பானையை எடுத்தாள். மீதி கார்த்திகைக்கு. வறுத்து, இடித்து, கருப்பட்டிப் பாகும் சுக்கும் சேர்த்து, கை பொறுக்காத சூட்டிலேயே உருட்டினாள். வறுத்த வாசம் தெரு முழுக்க நின்றது.

அந்த நேரம் பார்த்து ராசாவின் பல்லக்கு அந்தப் பக்கம் வந்தது. கூடவே பூவராகன். சனங்கள் மறுபடி அரிசி கேட்டு வந்தால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். வாசம் பட்டதும் வசதியாகப் போயிற்று.

"பாத்தீங்களா மகாராசா, பஞ்சம்னு அழுதவங்க வீட்டுல பலகாரம் மணக்குது. எல்லாம் பதுக்கல்" என்றார்.

ராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உருண்டைச் சட்டியையும் பானையையும் சேவகர்கள் தூக்கிக்கொண்டார்கள். தானியம் வந்த வழியை நாளைச் சபையில் சொல்ல வேண்டும், சொல்லத் தவறினால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. பிள்ளைகள் மூன்றும் வாசலில் நின்று போகிற சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அரண்மனை போய்ச் சேருவதற்குள் ராசா உருண்டைகளை ஒன்றுவிடாமல் கடித்து முடித்திருந்தான்.

மறுநாள் ஊரெல்லாம் தீபாவளி, முத்துவடிவுக்கு விசாரணை. பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்ததால் குரல் நடுங்கவில்லை. பிடியரிசிக் கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

கேட்ட ராசாவின் மனம் வழக்கம்போல அந்தப் பக்கம் சாய்ந்தது. இப்படிச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிற பெண் என் சபையார் வீட்டில் ஒருத்தி உண்டா என்று வியந்தான்.

பூவராகனுக்குப் பொறுக்குமா? தண்ணீர்க்காரன் பெண்சாதிக்குச் சபையில் புகழ்ச்சியா? "என் வீட்டுல இல்லாத பழக்கமா மகாராசா? தை மாசத்துல இருந்து என் சம்சாரமும் பிடியரிசி எடுத்து வைக்கிறா. பெரிய குடம் நெறஞ்சு கெடக்கு" என்றார்.

முத்துவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் குடத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டையும் சபையிலேயே கொட்டிப் பார்க்கலாம் என்றாள். ராசாவுக்குப் போட்டி என்றால் கொள்ளைப் பிரியம், உடனே சம்மதித்தான். பூவராகன் வேலைக்காரன் காதில் ஏதோ முணுமுணுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பளபளவென்று ஒரு பித்தளைக் குடம் வந்தது.

விரித்த வேட்டியில் முதலில் அவள் பானையைக் கொட்டினார்கள். சிவப்பரிசி, குருணை, வரகு, சாமை எல்லாம் கலந்து, வண்டு துளைத்த பொடியோடு விழுந்தது. அடுத்து குடத்தைக் கவிழ்த்தார்கள். அடி முதல் வாய் வரை ஒரே சீரகச் சம்பா.

"பத்து மாசமாத் தினம் ஒரு பிடி போட்ட கொடம்னா, அடியில கெடக்கறது பழசாகி வண்டு வச்சிருக்கணும், ராசா. இது நேத்து மூட்டை பிரிச்ச அரிசி" என்றாள் முத்துவடிவு.

ராசா ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். தினமும் தன் இலையில் விழுகிற சோற்றின் வாசம். அந்தச் சம்பா அரண்மனை வயலில் மட்டும்தான் விளையும், அரண்மனைக் கிடங்குக்கு மட்டும்தான் போகும்.

"கெடங்கு காலின்னு சொன்னீரே" என்றான் ராசா. பூவராகனின் கை இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டது.

அன்றைக்குத்தான் ராசா அந்த நான்கு கட்டையும் நடந்து கடந்தான். கிடங்கைத் திறந்தால் முகடு வரைக்கும் மூட்டை. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விற்கக் கட்டி வைத்தவை. பூவராகனின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி, அவரை உரலடியில் நிறுத்தி, தெருத் தெருவுக்கும் அவரே மாவு இடிக்கட்டும் என்றான். வீட்டுக்கொரு மூட்டை அரிசி போயிற்று.

பிறகு முத்துவடிவின் முன்னால் தங்கத் தட்டை நீட்டினான். அவள் தொடவில்லை.

"எம் பிள்ளைங்களோட உருண்டையைக் குடுங்க, போறேன்."

"திருடன்தான் பிடிபட்டுட்டானே அம்மா."

"களவாண்டது அவரு. தின்னது நீங்க."

ராசாவின் முகம் கறுத்துச் சிவந்தது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மடைப்பள்ளிக்குப் போனான். பூவராகன் வியர்க்க வியர்க்க இடித்த மாவில் பாகை ஊற்றி, கொதிக்கக் கொதிக்க ராசாவே உருண்டை பிடித்தான். ஆறினால் உருளாது என்பதால் நிறுத்தவும் முடியவில்லை. முப்பது பிடிப்பதற்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகிவிட்டது.

முத்துவடிவு சட்டியை வாங்கி ஓர் உருண்டையை அழுத்திப் பார்த்தாள்.

"இனிமே வாசம் வந்தா, கதவைத் தட்டிக் கேளுங்க, ராசா. எங்க வீட்டுல இல்லேன்னு சொல்லமாட்டோம்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் காத்திருக்கிற வீட்டைப் பார்த்து நடந்தாள்.