சுர்ரென்ற சத்தம்

மழை ஏமாற்றிவிட்ட ஒரு காட்டில் மூக்கையா என்றொரு கரடி கொல்லுப் பட்டறை வைத்திருந்தது. வேலை தெரிந்த கரடிதான். ஆனால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்காவிட்டால் அதற்குக் கையே ஓடாது.

அந்தக் கோடையில் குளம் வற்றிப்போனது. முள்காட்டுக்கு அப்பால் ஒரு சுனை இருந்தது. முள்ளை வெட்டி வழி செய்ய ஓர் அரிவாள் வேண்டும். அதுவரை குட்டிகள் குடிக்க ஒரே ஒரு பானைத் தண்ணீர்தான் மிச்சம். அதைப் பட்டறை நிழலில் மூடி வைத்திருந்தார்கள். மூக்கையாவின் குட்டியும் அந்தப் பானையை நம்பித்தான் இருந்தது.

மூக்கையாவிடம் ஒரு துண்டு எஃகு இருந்தது. டவுன் பட்டறை ஒன்றின் கூரையில் தேனெடுக்கப் போனபோது தூக்கிக்கொண்டு வந்தது. அது காற்றிலேயே இறுகும் எஃகு. நன்றாகப் பழுக்கவிட்டு வெளியே தொங்கவிட்டால் போதும், ஆற ஆறத் தானே கெட்டிப்படும். பிறகு இளஞ்சூட்டில் வாட்டி எடுக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். இதையெல்லாம் மூக்கையா கூரை ஓட்டை வழியே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தது. அதனால், பாவம், தெரியாமல் செய்துவிட்டது என்று யாரும் பரிந்து பேச வேண்டாம்.

உலை மூட்டியதும் காடே கூடிவிட்டது. கூடியதே தவிர, ஒரு கரித்துண்டை எடுத்துப்போட ஆளில்லை. துருத்தி ஊதியதுகூட மூக்கையாவின் மனைவி பேச்சிதான்.

எஃகை அரிவாளாக அடித்து முடித்து, மறுபடி பழுக்கவிட்டு, மூக்கையா அதை இடுக்கியால் எடுத்துக் கிளையில் தொங்கவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றது நரி. பிறந்ததிலிருந்து ஓர் ஆணிகூட அடிக்காத நரி.

"காத்துல ஆறணும்" என்றது மூக்கையா.

"கருவாடு காயப்போட்ட மாதிரில்ல இருக்கு. கொல்லன்னா சுர்ருன்னு சத்தம் வரணும், புகை கிளம்பணும். உனக்கு வயசாயிடுச்சு போலிருக்கு."

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. மயில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிளம்பியது. மூக்கையாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இருங்க, போயிடாதீங்க" என்று சொல்லி, சிவப்பு மாறாத அரிவாளை இடுக்கியால் பிடித்துக்கொண்டு பானைப் பக்கம் போனது.

பேச்சி குறுக்கே வந்து நின்றது. "அது பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. இந்த இரும்பு தண்ணி தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நகரு. நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்காதே."

அரிவாள் பானைக்குள் இறங்கியது. சுர்ரென்று ஆவி எழும்பியது. குரங்குகள் கைதட்டின. மயில்கூடத் திரும்பி வந்தது. மூக்கையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தது.

அப்போது பானைக்குள் டிங்கென்று ஒரு சத்தம் கேட்டது. அரிவாள் மூன்று துண்டாகிவிட்டது. தெறித்த துண்டு பட்டுப் பானையும் பிளந்தது. காய்ந்து கிடந்த மண் அத்தனை தண்ணீரையும் உறிஞ்சிவிட்டது.

"சத்தம் என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு" என்றபடி நரி எழுந்தது. "இவனைப் போய் நம்பினோமே."

குரங்குகளும் அதையே சொல்லிக்கொண்டு, வேறு காடு தேடிக் கிளம்பின. சத்தம் வேண்டும் என்று நச்சரித்தது யார் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வராது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு வீடு திரும்பும்போது ஞாபகமறதி வருவது வழக்கம்தான்.

மூக்கையாவின் குட்டி வந்து ஈர மண்ணை நக்கிப் பார்த்தது. "அப்பா, தண்ணி எங்கே?"

பேச்சி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு முள்காட்டை நோக்கி நடந்தது. மூக்கையா பேச்சிக்கு முன்னால் ஓடி, வெறுங்கையால் முள்ளை விலக்கத் தொடங்கியது. இரண்டு கையும் கிழிந்து ரத்தம் வழிந்தது. அதைப் பார்க்க அங்கே ஒரு குரங்குகூட இல்லை.

நீதி: வேடிக்கை பார்ப்பவர்கள் சொற்படி வேலை செய்தால், வேடிக்கை மட்டுமே நடக்கும்.