ஒரு விதை, மூன்று முளை

மெய்யம்மையின் மடத்தில் ஊறுகாய் போடும் நாளில் எலுமிச்சை விதை ஒன்றுகூடக் குப்பைக்குப் போகாது. ஈரம் காயுமுன்னே கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி ஊன்றிவிடுவார்கள். கன்றுகள் ஊராருக்குப் போகும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவதுண்டு. அதில் நோஞ்சானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மற்றவற்றை வளர்ப்பது வழக்கம்.

இந்த வேலையெல்லாம் மூத்த சீடன் செங்கோடனின் பொறுப்பு. மடத்தில் எல்லாருக்கும் மெய்யம்மை 'அம்மா'தான். செங்கோடன் அந்த அம்மாவைப் போலவே பேசுவான், அம்மாவைப் போலவே இருமுவான். மடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருமினார்கள்.

போன மழைக்காலத்தில் வந்து சேர்ந்தவள் உலகி. அவள் கொட்டாங்குச்சியில் மூன்று முளை. இரண்டு தளதளவென்று நின்றன. மூன்றாவது இலை சுருண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"அதைப் பிடுங்கு" என்றான் செங்கோடன்.

"மாட்டேன்."

"ஏன்?"

"உயிரோடதானே இருக்கு?"

அன்று காலையில்தான் அவள் சபையில் அம்மாவையே மறுத்துப் பேசியிருந்தாள். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார் அம்மா. உலகி எழுந்துவிட்டாள்.

"தப்பும்மா. என்னை அடிச்சவன் முன்னால வருஷக்கணக்கா வாயை மூடிக்கிட்டிருந்தேன். அவன் கைக்குத் துணிச்சல் வந்ததுதான் மிச்சம்."

செங்கோடனுக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. உலகியையும் கொட்டாங்குச்சியையும் அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"இவ மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா மடத்தை விட்டுப் போகணும்."

"கேக்கறியா?" என்றார் அம்மா.

"மாட்டேன். நீங்க சொன்னது இப்பவும் தப்புதான்."

"போனா எங்க போவே?"

"போக இடமில்லை. அதுக்காகத் தப்பைச் சரின்னு சொல்லணுமா?" அவள் பார்வை தாழவில்லை.

அம்மா கொட்டாங்குச்சியைக் கையில் வாங்கினார்.

"செங்கோடா, இந்தப் பெரிய ரெண்டும் காய்ச்சா எப்படி இருக்கும்?"

"தாய் மரத்துக் காய் மாதிரியே இருக்கும்மா. அச்சு அசலா."

"பூவுக்குத் தேனீ கொண்டுவந்த மகரந்தம்?"

"இதுங்களுக்கு அதுல பங்கே இல்லை. தாய் தன்னையே மறுபடி முளைக்க வைக்குது. எலுமிச்சைக்கு அப்படி ஒரு பழக்கம்."

"அப்ப தேனீ கொண்டுவந்தது எங்க போச்சு?"

செங்கோடன் சாய்ந்து கிடந்த முளையைப் பார்த்தான். "பெரும்பாலும் இதுலதான்."

"இது என்ன காய்க்கும்?"

"யாருக்குத் தெரியும்? கசந்தாலும் கசக்கும். காய்க்காமலே போனாலும் போகும்."

"சரி. பெரிய ரெண்டையும் பிடுங்கு."

"முடியாது!"

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோடன் கொட்டாங்குச்சியை வெடுக்கென்று பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"முடியாதும்மா. நோஞ்சானுக்கு இடம் வேணும்னா வேற கொட்டாங்குச்சி இல்லையா? இதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு? தாய் மாதிரி இருக்கறது ஒரு குத்தமா?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணன் சொல்றது சரிம்மா" என்றாள் உலகி. "நீங்க இப்ப சொன்னதும் தப்பு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீ போய் இன்னொரு கொட்டாங்குச்சி கொண்டா. நாளைக்குச் சபையில என் பக்கத்துல உக்காரு. வாயை மூடச் சொன்ன பேச்சைத் திருத்திச் சொல்லணும், நான் தப்பாச் சொன்னா எடுத்துக் குடு."

உலகி ஓடினாள்.

அப்போதுதான் செங்கோடனுக்குத் தானும் முதல்முறையாக அம்மாவை எதிர்த்துப் பேசிவிட்டது உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா... நானும் மடத்தை விட்டுப் போகணுமா?"

"போறதா?" என்றார் மெய்யம்மை. "இன்னைக்குத்தானே வந்திருக்கே."