சேர்மன் காலில் விழுந்த டயர்

காலில் விழாதவனைச் சேர்மன் உக்கிரபாண்டி வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். டிரைவர் சவரிமுத்து மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தான்.

சேர்மனின் ஜீப்புக்குப் பூதம் மாதிரி, காட்டுப் பாதையில் ஓடும் டயர்கள் வந்தன.

சேர்மன் உத்தரவு போட்டார்: "சக்கரம் ஆடாம ஓடணும், வீட்டிலேயே பேலன்ஸ் பண்ணு. முடியலைன்னா என் காலில் விழு, இல்ல கிளம்பு!"

சவரிமுத்து சக்கரத்தை இரும்புக் குழாயில் மாட்டிச் சுற்றிவிட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் கீழே இறங்கி, எதிரே நின்ற சேர்மன் காலுக்கு நேராக வந்து நின்றது.

"அந்தப் பக்கம் கனம்ங்கய்யா. எதிர்ப்பக்கம் எடைக்கு ஈயம் ஒட்டிட்டா, அப்புறம் யார் காலிலும் விழாது."

"டேய்! மரியாதை தெரிஞ்ச டயரைக் கெடுக்கப் பாக்கிறியா? அப்படியே மாட்டுடா!"

மாட்டினான். நெடுஞ்சாலையில் ஜீப் சாமியாடியது. சேர்மன் பக்கத்து சீட்டிலிருந்து உருண்டு, சவரிமுத்துவின் காலடியில் குப்புற விழுந்தார். ஜீப் நின்றதும், பின்னால் வண்டியில் வந்த தொண்டர்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

சவரிமுத்து அவர் தலையில் கைவைத்தான்.

"எந்திரிங்கய்யா. நல்லா இருங்க."