பி.டி. சாரின் நெஞ்சுப் பட்டை

சத்தியம்! ஊர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்து பொய் கிடையாது. பொய்யென்றால் நாளைக் காலையில் என் தொண்டையில் இட்லி இறங்காமல் போகட்டும். நான் முப்பத்தோரு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். ஒருநாள் ஒன்பதாம் வளைவில் ஒற்றை யானை வழிமறித்து, துதிக்கையை ஜன்னல் வழியாக விட்டு என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது. துடிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. யானைக்கே வெட்கமாகிவிட்டது, ஒதுங்கிப் போய்விட்டது. யானையை விடுங்கள். என் நெஞ்சுக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது, அதற்காகச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தாணுலிங்கம். அறுபத்திரண்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதிய பி.டி. சார். ஓய்வுபெறும் வாரத்தில், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், எண்ணூறு பிள்ளைகள் பார்க்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

அதிலிருந்து அவருடைய வலதுகை விரல்கள் இடதுகை நாடியை விட்டு நகரவில்லை. சாப்பிடும்போது மட்டும் இடதுகை கழுத்துக்குப் போகும். பேசிக்கொண்டே இருப்பார், உதடு எண்ணிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பயத்தில்தான் மலையடிவாரத்துச் சாமியிடம் போனார். சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டார். சார் முதல்நாள் காலில் விழுந்தார், இரண்டாம் நாளும் விழுந்தார். மூன்றாம் நாள்தான் உற்றுப் பார்த்தார்.

“ஏலே, நீ பலவேசம்லா?”

“ஆமா சார்.”

“எட்டாங்கிளாஸ் ஆமை!”

“அதே ஆமைதான் சார்.”

விழுந்ததை இனி எடுக்க முடியாது. ஆகவே அவர் இவரைச் சாமி என்றார், இவர் அவரைச் சார் என்றார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. ஞாயிற்றுக்கிழமை ஜோதியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று மெதுவாக ஓடவேண்டும் என்று சாரைக் கேட்டிருந்தார்கள்.

“எங்க விழுந்தேனோ அங்கயே பிள்ளைக நான் நிக்கறதப் பாக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா அதுகளுக்கு நான் எப்பவும் விழுந்தவன்தான்” என்றார் என்னிடம்.

சாருக்கு இருதயம் பார்க்கும் டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். சார் வீட்டு முன்னறையில் மகன் வாங்கிக் கொடுத்த எலிப்டிக்கல் மிஷின் கிடந்தது. ஏறி நின்று மிதிக்கலாம், ஓடுகிற மாதிரியே இருக்கும், காலடி தரையில் படாது. அதில் ஹார்ட் ரேட் புரோகிராம் என்று ஒன்று. நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் துடிப்பு கம்பியில்லாமல் திரைக்குப் போய்விடும்.

“இலக்கு நூற்றிப்பத்து. இருபது நிமிஷம். எப்போதும் நூற்றிருபத்தைந்தைத் தாண்டக்கூடாது. முடிந்ததும் அதிகபட்சம் என்று ஓர் எண் வரும். அதைப் படம் எடுத்து வியாழக்கிழமை பத்து மணிக்குள் அனுப்புங்கள். தாண்டினால் ஜோதியை மறந்துவிடுங்கள்.”

சார் ஏறுவார். எண் தொண்ணூறு. அதைப் பார்ப்பார், நூறு. கூடுகிறதே என்று பயந்து இன்னும் உற்றுப் பார்ப்பார், நூற்றிப்பதினெட்டு. துடிப்பைக் குறைக்க மிஷின் மிதியை இளக்கிக் கொடுக்கும். இவரோ வெறுங்காற்றை மிதித்துக்கொண்டே நூற்றிமுப்பத்தெட்டுக்குப் போவார். மிஷின் கீச்சென்று கத்தி நின்றுவிடும். ஒரு வாரம் இதே கதை.

திங்கட்கிழமை சாமியிடம் போனோம்.

“சாமி, இந்த நெஞ்ச எப்படி அடக்கறது?”



“புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு வாரேன் சார்.”

“புதன் விட்டா ஒரே ஒரு நாள்தான் சாமி.”

“வாரேன்.”

சாருக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, சாமி வருவதற்குள், என்னை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணாச்சி, ஒமக்கு எத்தன துடிக்கும்?”

“ஐம்பத்தெட்டு. யானை சாட்சி.”

“சட்டையக் கழத்தும்.”

பட்டையை என் நெஞ்சில் கட்டினார். மேலே சட்டையைப் போட்டு, மிஷினுக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு, கையில் பேப்பரைக் கொடுத்து உட்காரவைத்தார். வேலை இவ்வளவுதான்: அவர் மிதிக்கவேண்டும், நான் துடிக்கவேண்டும். திரையில் ஐம்பத்தெட்டு வந்தது. அந்த முகத்தில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

“நூத்தி இருவத்தஞ்சாம்! இன்னிக்கு அறுவதத் தாண்டட்டும், பாப்போம்.”

இரண்டு கிழட்டு மூளைக்கும் எட்டாத சங்கதி ஒன்று அந்த மிஷினுக்கு எட்டிவிட்டது. அதற்கு வேண்டியது நூற்றிப்பத்து. வந்துகொண்டிருப்பதோ ஐம்பத்தெட்டு. ஆள் சோம்பேறி என்று முடிவுகட்டி மிதியை ஒரு படி இறுக்கியது.

ஐம்பத்தெட்டு. இன்னொரு படி.

நாலாவது நிமிஷம் சார் சிரிப்பை நிறுத்தினார். ஆறாவது நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. திரை மிதியின் சுமை பத்து என்றது, பிறகு பதினொன்று.

“வே தாணு, இறங்கும்.”

“நிறுத்துனா... மொதல்லேர்ந்து... வரணும். ஒம்ம நெஞ்சக் கொஞ்சம் ஏத்தும் வே!”

“எப்படி ஏத்த?”

“எதையாவது... நெனையும்!”

நினைத்தேன். புலியை நினைத்தேன், பிரேக் பிடிக்காத இறக்கத்தை நினைத்தேன், என் மாமியாரை நினைத்தேன். ஐம்பத்தொன்பது. அதற்குமேல் ஒரு புள்ளி நகரவில்லை. வாழ்நாள் முழுக்க நான் பெருமையடித்த நெஞ்சு பக்கத்திலிருப்பவனைக் கொன்றுகொண்டிருந்தது.

சுமை பதின்மூன்று. சாரின் காதுமடல் வெளுத்து, உதட்டோரம் நீலம் பாரித்தது. அவர் தன் நாடியைத் தொடவே இல்லை, திரையிலிருந்த என் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சாமி உள்ளே வந்தார். எட்டு மணிக்கு வரவேண்டியவர், ஏழே காலுக்கே வந்து நின்றார். திரையைப் பார்த்தார், சாரின் முகத்தைப் பார்த்தார், நான் தலைகீழாகப் பிடித்திருந்த பேப்பரைப் பார்த்தார்.

“சார், இறங்குங்க.”

“இன்னும்... பதினோரு நிமிஷம்... சாமி.”

சாமி அவரை மறுபடி கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் வாசலுக்கு வாங்க.”

எழுந்தேன். வாசல்படியைத் தாண்டினேன். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். மிதி நின்றிருந்தது. திரையில் எண்ணைக் காணோம், வெறும் இரண்டு கோடுகள். சார் அந்தக் கோடுகளைப் பார்த்தார்.

“சாமி! எனக்கு நின்னுபோச்சு!”

“ஒங்களுது அங்கயேதான் இருக்கு சார். வாசல்ல நிக்கறது அண்ணாச்சியுது.”

தூக்கிக் கொண்டுபோய்ப் பாயில் படுக்கவைத்தோம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம், உடனே கொண்டுவரச் சொன்னார். ஆட்டோவைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷம் என்றான். அந்தப் பத்து நிமிஷத்தைப் போல நீளமான மலைப்பாதையை நான் ஓட்டியதில்லை. சார் கண்ணை மூடவும் பயந்து, திறக்கவும் பயந்து கிடந்தார்.

“எப்படி அடக்கறதுன்னு கேட்டேன். சொல்லாமயே இருந்துட்டீகளே சாமி” என்றார்.

சாமி என்னிடம் கையை நீட்டினார். பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு, மிஷின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகு நேராக, கண் பாதி மூடி, காற்றில்லாத குளத்து நீர் மாதிரி. சாமிக்கு நிமிஷத்துக்கு முப்பதுதான் துடிக்கும் என்று ஊரில் பேச்சு. முப்பது என்று ஊரில் கிளப்பிவிட்டவனே நான்தான்.

திரையில் எண் வந்தது.

நூற்றிமுப்பத்தொன்று.

நானும் சாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நூற்றிமுப்பத்துநாலு.

“மிஷின் கெட்டுப்போச்சு” என்றார் சார்.

“சரியாத்தான் இருக்கு சார்.”

“சாமி... ஒங்களுக்குமா?”

“ஒங்க விசில் சத்தம் கேட்டா அப்பவே இப்படித்தான். இப்ப வாசல்ல ஒங்க செருப்பப் பாத்தாலே போதும். நீங்க எங்கால்ல விழுந்தீங்களே, அன்னிக்கு நூத்தம்பது இருந்திருக்கும்.”

“அப்ப இந்த அடக்கம்?”

“அடக்கினேன்னு யார் சொன்னது? அது ஓடும். நான் உக்காந்திருப்பேன்.”

சார் பாயிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இத எங்க படிச்சீக சாமி?”

“நம்ம மைதானத்துல. ஆயிரத்தைந்நூறு மீட்டர். எல்லாவனும் முடிச்சு வீட்டுக்குப் போய்ட்டான். நான் மட்டும் ஒரு சுத்து பாக்கி. நீங்க வாட்ச்ச சட்டப்பைக்குள்ள போட்டுட்டுக் கோட்டுக்கிட்ட நின்னீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

சாருக்கு ஞாபகம் இல்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

டாக்டரம்மா இசிஜி எடுத்தார், மாலைவரை படுக்கவைத்துப் பார்த்தார். கெடுதல் ஒன்றும் இல்லை. சாரே உண்மையைச் சொல்லிவிட்டார், பட்டை கட்டிய ஆளின் பெயரைத் தவிர. டாக்டரம்மா திட்டிய திட்டில் சுவரில் தொங்கிய இருதயப் படமே சுருங்கியது. கடைசியில், “நாளைக் காலையில் என் வார்டிலேயே மிஷின் இருக்கிறது. நான் பக்கத்தில் இருப்பேன். ஒரே ஒரு தடவை” என்றார்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். சார் தன் நெஞ்சில் தானே பட்டையைக் கட்டிக்கொண்டார். சாமி தரையில் உட்கார்ந்தார். டாக்டரம்மா கதவருகே. நான் கதவுக்கு வெளியே. என் கை இரண்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

தொண்ணூற்றாறு. நூற்றிநாலு. நூற்றிப்பதின்மூன்று.

ஆறாவது நிமிஷம் நூற்றிப்பத்தொன்பது. சாரின் விரல்கள் நாடியைத் தேடிக் கிளம்பின, பாதியில் திரும்பிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தன.

“சாமி, ஓடுது.”

“ஓடட்டும் சார்.”

நூற்றிருபத்திரண்டு. டாக்டரம்மா ஓர் அடி முன்னால் வந்தார்.

“சாமி!”

“நீங்க நில்லுங்க சார்.”

நூற்றிருபத்துநாலு. சார் எண்ணைப் பார்த்தார். பார்வை மாறியது. பயந்து பார்க்கிற பார்வை இல்லை, மைதானத்தின் மறுகோடியில் தள்ளாடி வருகிற ஒருவனைப் பார்க்கிற பார்வை. உதடு அசைந்தது. வழக்கமான எண்ணிக்கை என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“வாலே. அவசரமில்ல. நான் நிக்கேன்.”

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நூற்றிருபத்துநாலு. நூற்றிருபத்துநாலு. நூற்றிருபத்தொன்று. நூற்றிப்பதினாறு. அதன்பிறகு பன்னிரண்டு நிமிஷம் எங்கேயோ தூரத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான், சார் அவனுக்காக நின்றுகொண்டிருந்தார். மிஷின் மெல்லக் கூவி நின்றது. அதிகபட்சம்: நூற்றிருபத்துநாலு.

டாக்டரம்மா படம் எடுக்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்கு வருகிறேன். நடை மாதிரி ஓடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் இறங்கி, சாமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இப்ப எத்தன இருக்கும் சாமி, ஒங்களுக்கு?”

சாமி தன் மணிக்கட்டை நீட்டினார். சார் தன்னுடையதை விட்டுவிட்டு, அந்த இரண்டு விரல்களையும் அதன்மேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. விரல்களை எடுக்கவில்லை.

“எத்தன சார்?”

சார் நிமிர்ந்து பார்த்தார்.

“எண்ண மறந்துட்டேன்லே பலவேசம்.”

சாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கேட்டாயிற்றா? போகும்போது ஒன்றே ஒன்று. யானை வந்த கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். இதை மட்டும் இன்னார் சொன்னார் என்று வெளியே விட்டுவிடாதீர்கள். பட்டை கட்டிய கிழவன் எவன் என்று டாக்டரம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை என் ரத்த அழுத்தத்தையும் அவர்தான் பார்க்கப்போகிறார்.