மூன்றாவது தடவை

“என் மருந்தைக் குடிச்சவங்க ஒருத்தரும் கத்தினதில்லை. தூங்குற மாதிரி போயிடுறாங்க. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வரலை?”

அரண்மனை வைத்தியன் மருதையன் கேட்டான்.

அவனுடைய குரு நங்கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் முன்பெல்லாம் கழுமரம்தான். கூராகச் சீவின மரத்தில் ஆளை உயிரோடு செருகி நிறுத்துவார்கள். அவன் கத்துவது அரண்மனை வரைக்கும் கேட்கும். ராஜாவுக்குச் சோறு இறங்காது. அதனாலேயே தண்டனையைத் தள்ளித் தள்ளிப் போடுவான். சில பேரை விட்டும்விட்டான்.

மருதையனாலும் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. வலிக்காமல் சாக ஒரு மருந்து கண்டுபிடித்தான். நல்ல மனசோடுதான் செய்தான், அதில் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு ராஜா நன்றாகச் சாப்பிட்டான்.

கொலை செய்தவனுக்குத்தான் சாவு என்று இருந்தது, மாடு திருடினவனுக்கும் சாவு என்று ஆனது. சத்தமே இல்லையே, யாருக்கு என்ன கஷ்டம்?

இன்றைக்கு உச்சிப் பொழுதில் ஒச்சனின் முறை. கோயில் களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை நெல் தூக்கினவன். அவனுக்கான மருந்துச் செம்பு மருதையன் கையில் இருந்தது.

“நான் செய்யுறது சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எழுந்து போயிடுறேன்.”

“நிறுத்திடேன்.”

“நிறுத்தினா கழுமரம். எண்ணெய் தடவித் தயாரா வச்சிருக்காங்க.”

நங்கை அடுத்த காம்பை எடுத்தாள்.

அவனே மறுபடி ஆரம்பித்தான். தான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றான். கழுவா மருந்தா என்று ஒச்சனிடமே கேட்டானாம். வலிக்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னானாம்.

“தலையாட்டினான்மா. அவன் சம்மதத்தோடதான் எல்லாம்.”

நங்கை கீரையைக் கீழே வைத்தாள்.

“வா.”

குளத்தங்கரைக் காளி கோயிலில் கிடாவெட்டு. கறுப்புக் கிடா ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். சம்மதிக்காத ஆட்டை அங்கே வெட்ட மாட்டார்கள். அவ்வளவு நியாயமானவர்கள்.

கிடா சிலுப்பவில்லை. சும்மா நின்றது.

“வெயிலுக்கு மாப்பிள்ளைக்கு இதமா இருக்கு போல” என்றான் அரிவாள் வைத்திருந்தவன். எல்லாரும் சிரித்தார்கள்.

பூசாரி மறுபடியும் ஊற்றினார். கிடா கழுத்தைத் திருப்பி, தன்னைக் கொண்டுவந்த கிழவனைத் தேடியது. அவன் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டிருந்தான்.

“சிலுப்பவே இல்லைன்னா என்ன பண்ணுவாங்க?” மருதையன் மெல்லக் கேட்டான்.

“பாரு.”

மூன்றாவது தடவை பூசாரி காதுக்குள்ளேயே ஊற்றினார்.

கிடா சிலுப்பியது.

பெண்கள் குலவையிட்டார்கள். அரிவாள் இறங்கியது. ஆடு கத்தக்கூட இல்லை.

மருதையன் கால் மேல் மஞ்சள் தண்ணீர் தெறித்திருந்தது. அவன் துடைக்கவில்லை.

“உன் ஒச்சன் எத்தனாவது தடவை தலையாட்டினான்?” என்றாள் நங்கை.

அவன் செம்பைப் பார்த்தான்.

“மூணாவது.”

“ரெண்டாவது தடவை?”

“பேசலை. சுவரைப் பார்த்துட்டு இருந்தான்.”

“முதல் தடவை கேட்டப்போ?”

சிறைச்சாலைப் பக்கம் முரசு அடிக்க ஆரம்பித்தது. அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

“வீட்டுக்குப் போகணும்னு சொன்னான்.”